தார், ஜிம்னி, கூர்க்கா: ஏலத்தோட்டத்துக்கு எந்த வண்டி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். மதுரையில் வேலை. போடிமெட்டுக்கு அப்பால் ஐயாயிரம் அடி உயரத்தில் அப்பா வைத்துவிட்டுப் போன ஏலத்தோட்டம். மாதம் இரண்டு தடவையாவது போய்வர வேண்டும். கடைசி ஆறு கிலோமீட்டர் மண்ணும் கல்லும், நடுவில் ஒரு ஓடை. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா மூன்றில் எதை நம்பி வாங்கலாம்? வீடியோக்களில் ஆளுக்கு ஒன்று சொல்லி உங்களைக் குழப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஆடி மாதச் சாரலில், மனைவியும் பிள்ளையும் உள்ளே இருக்கும்போது எது நடுவழியில் விட்டுவிடாது என்பதுதான் உங்கள் கவலை. அப்படியே விட்டாலும் அன்று பொழுது சாய்வதற்குள் சரிசெய்து கீழே இறங்க முடியுமா என்ற கவலையும் அதற்குள் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வண்டி விடையாக வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீடியோக்காரர்கள் குழப்புவது இந்த இடத்தில்தான்.

மலையடிவாரத்தில் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தோட்டத்து ஜீப்புகள்தான் பிழைப்பு. பழைய மஹிந்திரா ஜீப்பு, பொலேரோ, தார் நிறையப் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். ஜிம்னி ஓரளவு. கூர்க்கா என் கையில் வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் கூர்க்கா பற்றி நான் சொல்வதற்குக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். மூன்றுமே ஏணிபோல் கட்டிய தனிச் சட்டத்தின் மேல் உட்காரும் வண்டிகள். மூன்றிலும் முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கலாம், ஃபோர் லோ எனப்படும் மெதுகியரும் உண்டு. மலைப்பாதையில் ஒரு வண்டியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த மெதுகியர்தான். தாரில் அது வேகத்தை ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைக்கும், ஜிம்னியில் இரண்டு மடங்கு. இறக்கத்தில் முதல் கியரில் ஃபோர் லோ போட்டுக் காலை எடுத்துவிட்டால் வண்டி நடந்தே இறங்கும், பிரேக்கைத் தொட வேண்டியிருக்காது. எங்களிடம் பிரேக் எரிந்து வரும் வண்டிகளில் பாதிப்பேர் அந்த லீவரை வாங்கின நாளிலிருந்து தொட்டதே இல்லை. தொட்டால் கெட்டுவிடும் என்று பயம். தொடாமல் விட்டால்தான் இறுகிப்போகும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளில் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் ஸ்டியரிங் முறுக்கும், டயரும், ஷாஃப்டின் மூட்டான கிராஸும் தேயும். தார் வண்டியே ஆனாலும் தார் ரோட்டில் ஃபோர் வீல் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விலை குறைவாக இருக்கிறதே என்று 1.5 லிட்டர் டீசல் தாரில் கைவைத்துவிடாதீர்கள். 2023 ஜனவரியில் வந்த அந்த வண்டிக்குப் பின்சக்கர இழுவை மட்டும்தான். உங்களுக்கு வேண்டியது 2.2 டீசலோ 2.0 பெட்ரோலோ உள்ள ஃபோர் வீல் வண்டி. ஐந்து கதவு தாரான ராக்ஸிலும் இதே சிக்கல்: ஃபோர் வீல் டீசலில்தான் கிடைக்கும், பெட்ரோலில் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே முகம். பழைய வண்டி வாங்கும்போது கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், தரகர் சொல்லை நம்பாதீர்கள்.

இனி அளவுகள். ஜிம்னியின் எடை ஏறக்குறைய 1,200 கிலோ. தார் 1,750 பக்கம். கூர்க்கா இரண்டு டன் பக்கம். தரையிலிருந்து உயரம் ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டர், தாருக்கு 226, 2024-இல் வந்த கூர்க்காவுக்கு 233. வீடியோக்களில் இந்த உயரத்தை வைத்துத்தான் சண்டை நடக்கிறது. எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே கட்டை அச்சு. ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் அச்சின் நடுவில் கியரை மூடியிருக்கும் ஹவுசிங்கும் சேர்ந்து மேலே எழும். தாருக்கு முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். ரோட்டில் அது சுகம். ஆனால் குழியில் முன்பக்கம் அமுங்கும்போது காகிதத்தில் போட்ட 226 அங்கே இருக்காது. காகிதத்தில் குறைந்த வண்டி கல்லில் தட்டாமல் போவதும், கூடின வண்டி தட்டுவதும் இதனால்தான்.

நான் உயரத்தைவிட அகலத்தைப் பார்ப்பேன். ஜிம்னியின் அகலம் 1,645 மில்லிமீட்டர், தாருடையது 1,820. ஏழு அங்குலம் வித்தியாசம். நகரத்தில் இது ஒன்றுமே இல்லை. ஒரு பக்கம் மண்சுவர், இன்னொரு பக்கம் ஏலச்செடியின் தூரும் அதற்குக் கீழே இருபதடிப் பள்ளமும் இருக்கும் பாதையில் அந்த ஏழு அங்குலம்தான் ஓட்டுகிறவனின் நிம்மதி. நீளமும் அப்படித்தான். ராக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2,850 மில்லிமீட்டர், மூன்று கதவு தாருக்கு 2,450, ஜிம்னிக்கு 2,590. தோட்டத்து வளைவில் நீளமான வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டும், பின்னால் இருப்பது பள்ளமாக இருக்கும்.

ஜிம்னியின் பலவீனமும் சந்தேகமில்லாத விஷயம்தான். 1.5 லிட்டர் பெட்ரோல், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போ கிடையாது, 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர் இழுவிசை. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சுமார் பத்துச் சதவீத பலத்தை இழக்கும், மேலே காற்று மெலிந்துவிடுவதால். உங்கள் தோட்ட உயரத்தில் அந்த 105 என்பது 90 பக்கம் வந்துவிடும். நாலு பேர், பின்னால் இரண்டு மூட்டை என்று போடிமெட்டு ஏறிப் பாருங்கள், இரண்டாம் கியரை விட்டு மேலே போக மனம் வராது. தார் டீசலுக்கு 130 குதிரைத்திறனும் 300 நியூட்டன் மீட்டரும் உண்டு, டர்போ இருப்பதால் உயரம் அதை அவ்வளவாகப் பாதிக்காது. இப்போதைய கூர்க்காவுக்கு 140, 320. சுமை ஏற்றுவதுதான் முக்கியம் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆனால் நீங்கள் கேட்டது பலத்தைப் பற்றி இல்லை. கெடுவதற்கு எத்தனை உறுப்பு இருக்கிறது என்று எண்ணினால் ஜிம்னி ஜெயிக்கும். டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை, உயரழுத்த டீசல் பம்ப் இல்லை, புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இல்லை. அந்தக் கடைசி உறுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி எதுவானாலும் அதன் புகைக்குழாயில் இந்த வடிகட்டி உண்டு. கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே அதைச் சூடாக்கி எரித்துவிடும். அதற்கு வண்டி ஒரே சீராக, நல்ல வேகத்தில், இருபது முப்பது நிமிஷமாவது ஓட வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஓட்டுநர் அதைக் கண்டுகொள்ள மாட்டார், ஒருநாள் வண்டி பலமிழந்து ஊர்ந்து பட்டறைக்கு வரும். இது எந்தக் கம்பெனியின் குற்றமும் இல்லை, வண்டிக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை, அவ்வளவுதான். நீங்கள் மதுரையிலிருந்து தேனி வழியாக வருகிறவர். அந்த நெடுஞ்சாலை ஓட்டமே வடிகட்டியைச் சுத்தம் செய்துவிடும். அதனால் டீசல் உங்களுக்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன். வண்டியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு மேஸ்திரியை ஓட்டச் சொல்வதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

தாரைப் பற்றி 'ஆரம்பத்தில் கெட்ட பெயர் இருந்ததே' என்று கேட்டிருந்தீர்கள். பொதுவில் பதிவான ஒன்று இருக்கிறது. 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை செய்யப்பட்ட டீசல் தார்களில் 1,577 வண்டிகளை, எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைச் சோதித்து மாற்ற 2021 பிப்ரவரியில் நிறுவனமே திரும்ப அழைத்தது. உதிரிபாகம் செய்துகொடுத்த ஆலையில் இயந்திர அமைப்பில் ஏற்பட்ட பிழை என்று காரணமும் சொன்னார்கள். புது மாடல் எதற்கும் முதல் ஆறு மாத வண்டிகளில் இப்படி ஏதாவது வரும். அந்தக் காலத்துச் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கிறீர்கள் என்றால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அதைத் தாண்டி 'தார் கெடும், ஜிம்னி கெடாது' என்று ஒரே போடாகப் போடுகிறவர்களிடம் கணக்கு எதுவும் கிடையாது. நான் ஜிம்னி கெடுவதற்கு வாய்ப்புக் குறைவு என்று சொல்வதும் உறுப்புகளை எண்ணிச் செய்யும் ஊகம்தான். இங்கே விற்பனைக்கு வந்ததே 2023 ஜூன். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த ஜிம்னி ஒன்றுகூட இன்னும் என் பட்டறைக்கு வரவில்லை. வந்தபிறகு கேளுங்கள், தெம்பாகச் சொல்கிறேன்.

கெட்டால் என்ன செய்வது என்ற பாதிக்கு வருவோம். ஜிம்னியின் எஞ்சின், பழைய பெட்ரோல் பிரெஸ்ஸாவிலும் எர்டிகாவிலும் இருந்த அதே கே15பி. பிளக், ஃபில்டர், சென்சார் எல்லாம் தேனியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் முன் அச்சு, முன்சக்கரத்துக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்சக்கர முட்டியின் ஆயில் சீல் எல்லாம் அந்த வண்டிக்கே உரியவை. வண்டி குறைவாக ஓடும் ஊரில் அவற்றைக் கடைக்காரர் வாங்கி வைக்க மாட்டார், சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தார் எங்கள் பக்கம் நிறைய ஓடுகிறது, அதனால் உதிரிபாகமும் அனுபவப்பட்ட கையும் சுலபமாகக் கிடைக்கின்றன. கூர்க்காவில் ஒரு வேடிக்கை உண்டு. ஷோரூம் தூரத்தில் இருக்கலாம், ஆனால் அதன் 2.6 லிட்டர் எஞ்சின் மெர்சிடிஸ் வழி வந்தது, ஃபோர்ஸ் டிராவலர் வேனில் இருப்பதும் அதன் உறவுதான். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸாகவும் சுற்றுலா வேனாகவும் டிராவலர் ஓடாத ஊர் இல்லை. அதனால் எஞ்சின் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். கதவுக் கைப்பிடி உடைந்தால்தான் அலைய வேண்டும்.

ராணுவமே கூர்க்காவை வாங்குகிறதே என்றும் எழுதியிருந்தீர்கள். 2,978 வண்டிகளுக்கு 2025-இல் ஆர்டர் போனது உண்மை. அதற்கு முன்னால் பல வருஷம் மாருதி ஜிப்சி ஓடியது. ஆனால் ராணுவத்துக்கு வண்டியோடு பட்டறையும், ஆளும், உதிரிபாகக் கிடங்கும் கூடவே போகும். உங்கள் கூட வரப்போவது ஒரு ஜாக்கியும் ஒரு ஸ்டெப்னியும்தான்.

கூர்க்காவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று அதன் லாக். முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும், இடது வலது சக்கரங்களை வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலைக் கையால் பூட்டலாம். குறுக்குப் பள்ளத்தில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொள்ளும் பாருங்கள், அப்போது இழுவை எல்லாம் காற்றில் சுற்றும் சக்கரத்துக்கே போய்விடும். பூட்டு இருந்தால் தரையில் இருக்கும் சக்கரமும் சேர்ந்தே சுற்றும், வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும். ஜிம்னியில் பூட்டு இல்லை. சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து அடக்கி எதிர்ச் சக்கரத்துக்கு இழுவையை அனுப்பும். நீங்கள் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் அது வேலை செய்யாது. காலை எடுக்காமல் இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், கரகரவென்று சத்தம் வரும், அப்புறம் நகரும். தாரிலும் பிரேக் முறை உண்டு. பின் அச்சில் தானாகப் பூட்டும் இயந்திர லாக் சில வகைகளில்தான் வரும், கேட்டு வாங்குங்கள்.

ஓடையைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. தாருக்கு 650 மில்லிமீட்டர், கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. அந்தக் கணக்கு அசையாத தண்ணீருக்கு. மழைக்கால ஓடை வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், அடியில் நேற்று இல்லாத கல் இன்று கிடக்கும். எந்த வண்டியானாலும் சக்கரத்தின் நடுமையத்துக்கு மேலே தண்ணீர் இருந்தால் நான் இறக்க மாட்டேன். போன வருஷம் ஒருவர் இறக்கினார். நடு ஓடையில் வண்டி நின்றுவிட்டது. நின்றதோடு விட்டிருந்தால் ஏர் ஃபில்டரை மாற்றி, தண்ணீரை வடித்து, ஐந்தாறாயிரத்தில் முடிந்திருக்கும். அவர் மறுபடி மறுபடி செல்ஃப் அடித்தார். காலையில் டிராக்டர் கட்டி இழுத்துவந்தார்கள். ஃபில்டரை எடுத்துப் பிழிந்தேன், துவைத்த துணி மாதிரி தண்ணீர் கொட்டியது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் நாலு பிஸ்டனில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மில்லிமீட்டர் கீழே நின்றது. தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அது எந்த வண்டி என்று கேட்காதீர்கள், இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

நிற்காமல் கரையேறிவிட்டாலும் வேலை முடிவதில்லை. ஓடி ஓடிச் சூடாக இருக்கும் அச்சு ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாகவும் மூச்சுக்குழாய் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆழமாக இறங்கிய வாரத்தில் பின் ஹவுசிங்கின் ஆயில் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். தேன் நிறத்தில் வந்தால் கவலையில்லை. பால் ஊற்றின காபி மாதிரி வந்தால் அன்றைக்கே ஆயில் மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் ஆறு மாதம் ஓட்டினால் பேரிங் ஊளையிட ஆரம்பிக்கும்.

நீங்கள் கேட்காத ஒரு வண்டியையும் சொல்லிவிடுகிறேன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கமான் பட்டை, கம்ப்யூட்டர் இல்லாத டீசல் எஞ்சின், தகரம். அவை கெடாத வண்டிகள் இல்லை, வாரத்துக்கு ஒன்று கெடும். ஆனால் கெட்டதை ஓட்டுநரே ஒரு ஸ்பேனரையும் ஒரு கம்பியையும் வைத்து அங்கேயே சரிசெய்துகொண்டு ஓட்டுவார். அவருக்கு அதுதான் நம்பகம். உங்களுக்கு ஆகாது. ஏர்பேக், ஏபிஎஸ் இல்லாத வண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து வரச் சொல்ல என்னால் முடியாது. அறுவடைக் காலத்தில் மூட்டை இறக்க மட்டும் அந்த ஜீப்பை வாடகைக்குப் பிடியுங்கள். வருஷத்தில் நாலைந்து நடைக்காக இரண்டு டன் வண்டியை வருஷம் முழுக்கக் கட்டி மேய்க்க வேண்டியதில்லை.

பிள்ளை என்றதும் இன்னொன்று. மூன்று கதவு தாரில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கித்தான் ஏற வேண்டும். தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் அதைச் செய்து பாருங்கள். தார் 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது, ராக்ஸ் 2024-இல் பாரத் என்கேப்பில் ஐந்து. ஜிம்னியில் ஆறு ஏர்பேக் எல்லா வகையிலும் உண்டு.

ஆக, நீங்கள் சொன்ன உபயோகத்துக்கு, மூன்று பேர், இரண்டு பை, மாதம் இரண்டு நடை என்றால் நான் ஜிம்னி மேனுவலை எடுப்பேன். நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டினால் இரைச்சல் போடும், காற்றடித்தால் லேசாக ஆடும், டிக்கியில் இடம் கம்மி. பொறுத்துக்கொள்ளலாம். வாங்கினதும் அலங்கார விளக்குக்குக் கொடுக்கும் பணத்தை ரோடு, மண் இரண்டுக்கும் ஆன நல்ல ஆல் டெரெய்ன் டயருக்குக் கொடுங்கள். அதே 195 அகலத்திலேயே போடுங்கள், ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணைப் பிடிக்கும். பெற்றோரும் கூட வருவார்கள், அடிக்கடி சுமையும் இருக்கும் என்றால் டீசல் ராக்ஸ் ஃபோர் வீல். ஆனால் உங்கள் பாதை வளைவுகள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். கூர்க்காவை, ஓடையும் பாதையும் நீங்கள் எழுதியதைவிட மோசமாக இருந்தால் மட்டும் யோசிப்பேன்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த தடவை ஜீப்பில் மேலே போகும்போது ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு போய், அந்த ஆறு கிலோமீட்டரில் மிக ஒடுக்கமான மூன்று இடங்களிலும் மண்சுவரிலிருந்து விளிம்பு வரை பாதையை அளந்து பாருங்கள். ஓடையில் ஒரு கம்பை ஊன்றி முழங்காலுக்கு மேலா கீழா என்றும் பாருங்கள். இரண்டு அளவையும் எழுதுங்கள். பாதை ஏழு அடிக்குக் குறைந்தால் ராக்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்.